பழைய மாரியோ தொகுப்பில் செங்கல் உடைக்கும்போது கை ஏன் தடுமாறுகிறது?

பச்சைக்குழாய்:

வணக்கம் நண்பர்களே. இரண்டு வாரமாக ஒரு விஷயம் மனசைக் குடைந்துகொண்டே இருக்கிறது, கேட்டுவிடுகிறேன்.

அக்கா மகளுக்குப் பத்து வயது. முப்பரிமாண கேம்களோடு வளர்ந்த பிள்ளை. பக்கவாட்டில் ஓடித் தாவும் பழைய பிளாட்ஃபார்ம் கேம் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. முதன்முதலாக எதைக் கொடுக்கலாம் என்று யோசித்து, சூப்பர் மாரியோ ஆல்-ஸ்டார்ஸ் தொகுப்பைப் போட்டேன். தொடக்கம் ஞாபகம் இருக்கிறதா? திரை முழுக்க இருட்டு. கூட்டமாக யாரோ பேசிக்கொள்ளும் இரைச்சல். பட்டென்று விளக்கு எரியும், மாரியோவும் மற்றவர்களும் ஒன்றாக நிற்பார்கள். சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் அதைப் பார்த்ததும் நிமிர்ந்துவிட்டாள்.

ஆளுக்கு ஒரு லைஃப் என்று மாற்றி மாற்றி ஆடினோம். 1985-இல் வந்த முதல் சூப்பர் மாரியோ பிரதர்ஸை என் கை தூக்கத்திலும் ஆடும். ஆனால் இந்தத் தொகுப்பில் 1-2, அதாவது முதல் உலகத்தின் இரண்டாம் லெவல், அந்தச் சுரங்கத்துக்குள் போனதும் ஏதோ சரியில்லை. பெரிய மாரியோவாக இருக்கும்போது தலைக்கு மேலே உள்ள செங்கலை உடைத்தால், நான் எதிர்பார்க்கும் நேரத்தில் அவர் தரைக்கு வருவதில்லை. கண்ணிமைக்கும் நேரம்தான் வித்தியாசம். அதற்குள் கீழே கூம்பா என்ற எதிரி வந்து நின்றுவிடுகிறது. மூன்று முறை இப்படியே அடிபட்டுச் சின்ன மாரியோ ஆனேன்.

என் கை மறந்துவிட்டதா, இல்லை கேமே மாறியிருக்கிறதா? அப்புறம் இன்னொன்று: புதிதாக ஆட வருகிறவர்களுக்கு இந்தத் தொகுப்பைக் கொடுப்பது சரியா, மூலத்தையே கொடுக்க வேண்டுமா?

செங்கல்சுவர்:

உங்கள் கை மறக்கவில்லை. கேம்தான் மாறியிருக்கிறது. அந்தத் தொகுப்பை நன்றாகத் தெரிந்தவர்கள் எல்லோரும் பேசும் விஷயம் இது.

1985 மூலத்தில் செங்கல் உடைந்த கணமே மாரியோ ஏறும் வேகம் அடங்கிவிடும், உடனே இறங்கத் தொடங்குவார். தலை சுவரில் மோதியதுபோல ஒரு உணர்வு இருக்கும். ஆல்-ஸ்டார்ஸில் செங்கல் உடைந்தபிறகும் அவர் மேலேயே போகிறார், அங்கே எதுவுமே இல்லாததுபோல. நீங்கள் சொன்ன அந்தக் கண்ணிமைக்கும் நேரம் அதுதான்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். 1-1-இல் மாரியோவைப் பெரிதாக்கும் காளானை எடுத்துவிட்டு, ஒற்றை வரிசைச் செங்கலுக்குக் கீழே ஓடாமல் நில்லுங்கள். நின்ற இடத்திலேயே தாவி ஒரு செங்கலை உடையுங்கள். மாரியோவின் தொப்பி எங்கே வரை போகிறது என்று மட்டும் பாருங்கள். பிறகு மூலத்தில் அதையே செய்யுங்கள். இரண்டையும் பத்து முறை செய்தால் கண்ணை மூடிக்கொண்டே எது எது என்று சொல்லிவிடலாம்.

சின்ன விஷயம்தான். ஆனால் இந்த வகை கேமில் தாவல்தானே எல்லாம்? முதல் மாரியோவில் ஓடும் வேகத்தைப் பொறுத்துத் தாவலின் உயரம் மாறும். பட்டனை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்கிறோமோ அதற்கேற்ப மேலே ஏறும்போது புவியீர்ப்பே குறையும். விட்டுவிட்டால் சட்டென்று கனமாகிவிடும். இதெல்லாம் விரலுக்குத் தெரியும், வாய்க்குச் சொல்லத் தெரியாது. அதில் ஒரு இழை மாறினாலும் விரல் கண்டுபிடித்துவிடும், உங்களுக்கு நடந்ததைப்போல.

நாலுசேவ்:

சுவர் சொன்னது சரி. ஆனால் அந்த ஒரு குறைக்காக இந்தத் தொகுப்பை யாரும் ஒதுக்கிவிடக் கூடாது என்று நினைக்கிறேன். 1993-இல் இது என்ன செய்தது என்று கொஞ்சம் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதல் மாரியோ கார்ட்ரிட்ஜின் மொத்த அளவு 40 கிலோபைட். எட்டு உலகம், உலகத்துக்கு நான்கு லெவல், 32 லெவலும் அதற்குள். ஆல்-ஸ்டார்ஸ் கார்ட்ரிட்ஜ் 16 மெகாபிட், அதாவது 2 மெகாபைட். அந்த இடத்தில் நான்கு கேம்களை உட்கார வைத்தார்கள்: முதல் மாரியோ, ஜப்பானில் இரண்டாம் பாகமாக 1986-இல் வந்த லாஸ்ட் லெவல்ஸ், வெளிநாடுகளில் இரண்டாம் பாகமாக 1988-இல் வந்த இன்னொன்று, அப்புறம் மூன்றாம் பாகம். எல்லாவற்றுக்கும் படம் புதிதாக வரைந்தார்கள். பின்னணியில் மலையும் வானமும் வேறு வேறு வேகத்தில் நகரும். இசையையும் புதுச் சிப்புக்கு ஏற்ற மாதிரி மறுபடி செய்தார்கள். முதல் மாரியோ வந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலில் ஐந்து ஒலித் தடங்கள்தான். இந்தத் தொகுப்பு வந்த சூப்பர் ஃபேமிகாமில் (வெளிநாட்டில் சூப்பர் நின்டெண்டோ) எட்டு, அதுவும் பதிவு செய்த ஒலித்துண்டுகளை வைத்து வாசிக்கக்கூடியவை.

எனக்கு இதில் பெரியது படமும் இசையும் இல்லை, சேவ் வசதி. ஒவ்வொரு கேமுக்கும் நான்கு சேவ். கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் பேட்டரி அதை வைத்துக்கொள்ளும். மூன்றாம் பாகம் மூலத்தில் எவ்வளவு பெரிய கேம்! எட்டு உலகம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடம். ஆனால் சேவ் கிடையாது. கன்சோலை அணைத்தால் மறுபடி முதல் உலகம்தான். அதனால் பலரும் உலகங்களைத் தாண்டவைக்கும் விசிலை வைத்து நேராகக் கடைசி உலகத்துக்குப் போய்விடுவார்கள், நடுவில் இருக்கும் பனி உலகமும் குழாய் உலகமும் அவர்களுக்குத் தெரியாமலே போய்விடும். ஒரு சேவ் வந்ததும் அந்த கேமின் நடுப்பகுதி முழுக்க மக்களுக்குத் திறந்தது. இதை யாரும் போதுமான அளவு பாராட்டியதில்லை.

பச்சைக்குழாய்:

@செங்கல்சுவர் சோதித்துவிட்டேன். நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. மூலத்தில் தொப்பி செங்கல் இருந்த இடத்தில் மோதித் திரும்பிவிடுகிறது. தொகுப்பில் செங்கல் இருந்த ஓட்டை வழியாகவே தலை மேலே போய்விடுகிறது. இத்தனை நாள் கையைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

இன்னொன்றும் கவனித்தேன். 4-4 கோட்டையில் சரியான பாதையில் போனால் தொகுப்பில் ஒரு மணிச் சத்தம் கேட்கிறது, தப்பான பாதைக்கு வேறு சத்தம். மூலத்தில் இப்படி எதுவும் கிடையாது. அதே இடம் திரும்பத் திரும்ப வரும், ஏன் என்றே தெரியாமல் நேரம் ஓடிவிடும். பாப்பாவுக்கு அந்தச் சத்தம் ரொம்ப உதவியது. அது இல்லையென்றால் அங்கேயே கண்ட்ரோலரைக் கீழே வைத்திருப்பாள்.

விஷக்காளான்:

லாஸ்ட் லெவல்ஸ் பற்றி யாராவது பேசுவார்கள் என்று காத்திருந்தேன். நானே ஆரம்பிக்கிறேன்.

இது 1986-இல் ஃபேமிகாமோடு இணைக்கும் டிஸ்க் சிஸ்டத்துக்கு வந்தது. ஜப்பானுக்கு வெளியே இருந்தவர்கள் கைக்கு முதன்முதலாக முறையாக வந்ததே இந்தத் தொகுப்பு மூலம்தான், ஏழு வருடம் கழித்து. அதுவரை அவர்களுக்கு இரண்டாம் பாகம் என்றால் காய்கறியைப் பிடுங்கி எறியும் கேம்தான். அந்த கேமுக்கும் தனிக் கதை உண்டு. 1987-இல் ஜப்பானில் டோக்கி டோக்கி பேனிக் என்று ஒன்று வந்தது. அதில் மாரியோவே கிடையாது, ஒரு குடும்பத்தின் நான்கு பேர்தான். அந்த நான்கு பேரின் இடத்தில் மாரியோ, லுய்ஜி, டோட், இளவரசி ஆகியோரை வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். இளவரசி காற்றில் கொஞ்ச நேரம் மிதப்பாரே, அந்தத் திறமை அந்தக் குடும்பத்துப் பெண் லினாவிடமிருந்து வந்தது.

லாஸ்ட் லெவல்ஸுக்கு வருகிறேன். முதல் லெவல் தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே விஷக்காளான் வரும். என் பெயர்க் காரணம் அதுதான். முதல் மாரியோவில் காளான் என்றால் ஓடிப்போய் எடு என்று நமக்குப் பழக்கியிருக்கிறார்கள், அந்தப் பழக்கத்தையே இதில் பொறியாக வைக்கிறார்கள். மூலத்தில் அந்தக் காளான் நல்ல காளானின் சாயலிலேயே இருக்கும். தொகுப்பில் தனியாகத் தெரியும்படி வரைந்தார்கள். அப்புறம் காற்று. தாவும்போது பின்னாலிருந்து தள்ளும், அந்தத் தள்ளலை நம்பித்தான் குழியையே தாண்ட வேண்டும். 3-1-இல் ஒரு வார்ப் பகுதி, அதாவது வேறு உலகத்துக்குத் தாண்டவைக்கும் குழாய் உள்ள இடம், இருக்கும். கண்டுபிடித்த சந்தோஷத்தில் குழாய்க்குள் இறங்கினால் முதல் உலகத்துக்கே திருப்பி அனுப்பிவிடும்.

இதைத் தொகுப்பில் ஆடக்கூடியதாக மாற்றியது ஒரே ஒரு முடிவு. மற்ற கேம்களில் உலகத்தின் தொடக்கத்திலிருந்துதான் தொடர முடியும். லாஸ்ட் லெவல்ஸில் மட்டும் லெவலுக்கு லெவல் சேவ். யாரோ உட்கார்ந்து, இந்த கேம் எவ்வளவு கடினம் என்று யோசித்து, அதற்கு மட்டும் தனியாக ஒரு சலுகை கொடுத்திருக்கிறார்கள். கேமில் ஒரு குழியைக்கூடக் குறுக்கவில்லை. ஆடுகிறவரின் நேரத்துக்கு மரியாதை கொடுத்தார்கள். நல்ல தொகுப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மரப்பெட்டி:

தாவல் மாறினால் விரல் கண்டுபிடிக்கும் என்று சுவர் சொன்னாரே, அதற்கு இன்னொரு சாட்சி கொடுக்கிறேன்.

2017-இல் க்ராஷ் பாண்டிகூட்டின் முதல் மூன்று கேம்களையும் சேர்த்து என். சேன் டிரைலஜி என்று பிளேஸ்டேஷன் 4-க்கு வந்தது. விகேரியஸ் விஷன்ஸ் மொத்தத்தையும் புதிதாகக் கட்டினார்கள். பார்க்க அவ்வளவு அழகு. க்ராஷின் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு முடியும் தெரியும். ஆனால் முதல் பாகத்தின் மரப்பாலத்தில் ஏறியவர்கள் எல்லாம் விழுந்தார்கள். மூலத்தை நூறு முறை முடித்தவர்களும் விழுந்தார்கள்.

காரணம் வெளியே தெரியாத இடத்தில் இருந்தது. மோதலைக் கணக்கிடுவதற்கு க்ராஷைச் சுற்றி ஒரு மாத்திரை வடிவத்தை வைத்திருந்தார்கள். மாத்திரையின் அடிப்பக்கம் உருண்டை அல்லவா? ஒரு பலகையின் ஓரத்தில் இறங்கினால் அந்த உருண்டை வழுக்கி விட்டுவிடும். மூலத்தில் அதே ஓரத்தில் நின்றுவிடலாம். அதோடு மூன்று கேமுக்கும் மூன்றாம் பாகத்தின் தாவலை அடிப்படையாக வைத்ததால், முதல் பாகத்தின் இடைவெளிகளுக்கு அந்தத் தாவல் பொருந்தாமல் போனது. தாவல் எப்படி மாறியிருக்கிறது என்று வெளியிட்டவர்களே பின்னால் விளக்கி எழுதினார்கள்.

நான் அந்தத் தொகுப்பை வெறுக்கவில்லை, மூன்றையும் முடித்தேன். ஆனால் அந்தப் பாலத்தில் விழுந்த ஒவ்வொரு முறையும், இது என் தவறா என்று தெரியாத ஒரு தவிப்பு இருந்ததே, அது மூலத்தில் எனக்கு வந்ததே இல்லை. அதில் விழுந்தால் என் தவறு என்று எனக்கே தெரியும்.

நீலமுள்:

மாரியோவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், சோனிக் பக்கமும் கொஞ்சம் வாருங்கள். அங்கே பிரச்சினை வேறு மாதிரி. தாவலை ஒரு இம்மிகூட மாற்றாமலே கேமை மாற்ற முடியும் என்பதற்கு அங்கே உதாரணம் இருக்கிறது.

சோனிக் ஆரிஜின்ஸ், 2022 ஜூன். பழைய சோனிக் கேம்களின் தொகுப்பு: முதல் கேம், இரண்டாவது, மூன்றாவதும் சோனிக் அண்ட் நக்கிள்ஸும் சேர்ந்தது, அப்புறம் சோனிக் சிடி. ஆனிவர்சரி மோடில் அகலத்திரை உண்டு. பழைய 4:3 திரையில் சோனிக் முழு வேகத்தில் போகும்போது எதிரே வரும் முள் கடைசி நேரத்தில்தான் தெரியும். அகலத்திரையில் அதே முள் முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. வேகம் அதே, சரிவில் உருளும் விதம் அதே, ஆனால் பயம் குறைந்துவிட்டது. எனக்கு அது பிடித்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சோனிக்கின் லெவல்களை வடிவமைத்த அழகு அகலத்திரையில்தான் முழுசாகத் தெரிகிறது. முதல் முறை ஆடுகிறவருக்கு நான் தயங்காமல் அதைத்தான் சொல்வேன். பழைய மாதிரியே வேண்டும் என்பவர்களுக்குக் கிளாசிக் மோட் இருக்கிறது.

என் மனசு ஆறாத இடம் மூன்றாம் பாகத்தின் இசை. கார்னிவல் நைட், ஐஸ்கேப், லாஞ்ச் பேஸ் ஆகிய மூன்று இடங்களுக்கும் நாம் கேட்டு வளர்ந்த பாட்டு இதில் இல்லை, வேறு பாட்டு இருக்கிறது. ஐஸ்கேப்பில் பனிச்சறுக்குப் பலகையில் இறங்கும் அந்த முதல் சில நொடிகள் எனக்கு அந்தப் பாட்டுதான். படம் அப்படியே இருக்க, பாட்டு மட்டும் வேறாக வந்ததும் வேறு யாரோ வீட்டுக்குள் நுழைந்துவிட்டதுபோல இருந்தது.

அது வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்பே, தனித்தனியாக விற்றுக்கொண்டிருந்த பழைய சோனிக் கேம்களில் பலவற்றை இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். தொகுப்பு வருகிறது என்றால் பழையது போக வேண்டுமா? இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தானே ஒப்பிட்டுப் பார்க்க முடியும்? பச்சைக்குழாய் செய்த சோதனையே இரண்டும் கையில் இருந்ததால்தான் நடந்தது.

செங்கல்சுவர்:

நீலமுள், கடைசியாகச் சொன்னீர்களே, அதை நான் அப்படியே வழிமொழிகிறேன்.

குழாய்த்திரை:

எல்லோரும் கேமையே பார்க்கிறீர்கள், டிவியையும் ஒரு முறை பாருங்கள். பச்சைக்குழாயின் செங்கல் விஷயம் கேமின் மாற்றம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பழைய கேம் எதை ஆடினாலும் கை பின்தங்குவதாகத் தோன்றினால், பாதி நேரம் காரணம் டிவி.

இந்த கேம்கள் நொடிக்கு 60 படம் என்ற கணக்கில் ஓடுகின்றன. ஒரு படத்துக்கு 16.7 மில்லிவிநாடி. பழைய படக்குழாய் டிவியில் கன்சோல் அனுப்பியது அனுப்பிய வேகத்திலேயே திரையில் விழும். இப்போதைய தட்டை டிவி படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றிப் பிறகுதான் காட்டும். அதற்கு மூன்று படத்தின் நேரம் ஆனாலே 50 மில்லிவிநாடி போய்விட்டது. குழியின் ஓரத்தில் தாவும்போது அந்த 50 பெரிய தொகை.

டிவியின் அமைப்புகளில் கேம் மோட் என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். படத்தை வழவழப்பாக்கும் வசதிகள் எல்லாவற்றையும் அணையுங்கள். படம் கொஞ்சம் சாதுவாகத் தெரியும், ஆனால் மாரியோ உங்கள் விரலுக்குக் கட்டுப்படுவார்.

அப்புறம் படத்தின் வடிவம். சூப்பர் நின்டெண்டோ பெரும்பாலும் 256-க்கு 224 புள்ளிகளில் வரையும். படக்குழாய் டிவி அதை 4:3-க்கு இழுத்துக் காட்டும். அதை அகலத்திரை முழுக்க இழுத்துவிட்டால் மாரியோ உப்பிப்போய்த் தெரிவார், தூரத்தைக் கண் தப்பாக அளக்கும். இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை இருக்கட்டும், அதைப் பார்த்துப் பழகிவிடலாம்.

பச்சைக்குழாய்:

@குழாய்த்திரை நன்றி. கேம் மோட் அணைந்துதான் இருந்தது. போட்டதும் இரண்டு பதிப்புமே இலகுவாகிவிட்டன. செங்கல் வித்தியாசம் மட்டும் அப்படியே இருக்கிறது, அதுவும் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

நீலக்கவசம்:

கை பழகிய விஷயத்தைப் பேசும்போது மெகாமேனை விட்டுவிட முடியாது. 2004-இல் வந்த மெகாமேன் ஆனிவர்சரி கலெக்‌ஷன் தொகுப்பின் கேம்கியூப் கன்சோல் பதிப்பில் தாவும் பட்டனையும் சுடும் பட்டனையும் இடம் மாற்றி வைத்துவிட்டார்கள், அதை மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. கேம் ஒவ்வொன்றும் உள்ளே ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் மறையும் பலகைகளில் தாவ வேண்டிய இடத்தில் கட்டைவிரல் தானாகப் போய்ச் சுடும். பத்து கேம் உள்ள ஒரு தொகுப்பை ஒரு பட்டன் இப்படிக் கெடுத்தது.

2015-இல் டிஜிட்டல் எக்லிப்ஸ் செய்த லெகசி கலெக்‌ஷனை எடுத்துப் பாருங்கள். முதல் ஆறு கேம்கள். பழைய ஃபேமிகாம் ஒரு கிடைவரியில் எட்டு உருவத் துண்டுகளைத்தான் காட்டும், அதற்கு மேல் போனால் சில துண்டுகள் மினுங்கும். எதிரிகள் குவிந்தால் கேமே மெதுவாகும். அந்த மினுங்கலையும் மந்தத்தையும் அவர்கள் அப்படியே வைத்தார்கள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. இதைச் சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்தேன். இரண்டாம் பாகத்தை மறுபடி ஆடும்போதுதான் புரிந்தது. அந்த மந்தத்தைக் கணக்கில் வைத்துத்தான் என் விரல் குண்டுகளுக்கு நடுவே நுழைகிறது. அது போயிருந்தால் என் தாவல் எல்லாம் முன்னாலேயே விழுந்திருக்கும்.

அதோடு படங்கள், குறிப்புகள், ஓவியங்கள் என்று ஒரு அருங்காட்சியகமே உள்ளே வைத்திருக்கிறார்கள். கேமுக்கு உள்ளே கைவைக்கவில்லை, கேமைச் சுற்றித்தான் சேர்த்தார்கள். 2018-இல் ஸ்விட்ச்சுக்கு வந்தபோது பின்னோக்கிப் போகும் ரீவைண்ட் வசதியும் சேர்ந்தது. வேண்டும் என்பவர் அழுத்தலாம், வேண்டாம் என்பவர் பட்டனைத் தொடாமல் இருக்கலாம்.

நாலுசேவ்:

இதில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு, நீலக்கவசம். மினுங்கலைக் காப்பாற்ற வேண்டும் என்பது அந்த கேமோடு வளர்ந்தவர்களின் ஆசை. புதிதாக வருகிறவர் அதைப் பழுது என்றுதான் பார்ப்பார். மாரியோ மூன்றாம் பாகத்தின் மூலத்தில் திரை நகரும்போது ஓரத்தில் நிறம் மாறி மாறித் தெரியும், ஞாபகம் இருக்கிறதா? ஆல்-ஸ்டார்ஸில் அது கிடையாது. அது போனதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை. அதனால் யார் விரலும் தவறவில்லை. கண்ணுக்குத் தெரிவதைச் சரிசெய்யலாம், விரலுக்குத் தெரிவதைத் தொடக் கூடாது. கோடு அங்கேதான் போட வேண்டும்.

நீலக்கவசம்:

அந்தக் கோட்டை ஒத்துக்கொள்கிறேன். மினுங்கலை விட்டுக்கொடுக்கிறேன். மந்தத்தை விடமாட்டேன், அது விரலுக்குத் தெரியும்.

விண்மீன்துண்டு:

இந்த இழையில் முப்பரிமாண மாரியோவைக் கொண்டுவரலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் சேர்க்கிறேன். 2020 செப்டம்பர் 18-இல் சூப்பர் மாரியோ 3டி ஆல்-ஸ்டார்ஸ் வந்தது. சூப்பர் மாரியோ 64, சன்ஷைன், கேலக்ஸி என்ற மூன்று கேமும் ஒரே இடத்தில். பெயர் பழைய தொகுப்பின் வாரிசுபோல இருந்தாலும், செய்த வேலையில் அவ்வளவு தூரம் போகவில்லை. 1993-இல் நான்கு கேமுக்கும் படத்தை மறுபடி வரைந்தார்கள். இங்கே பெரும்பாலும் தெளிவை மட்டும் கூட்டினார்கள். 64 இன்னும் 4:3-இல்தான் இருக்கிறது. அதுவும் 1997-இல் ஜப்பானில் வந்த திருத்திய பதிப்பு. பின்பக்கமாக நீளத்தாவல் போட்டு மாடிப்படியைத் தாண்டும் வித்தை அதில் கிடையாது. மூலத்தின் ஓட்டையை அடைத்துவிட்ட பதிப்பு அது.

கேலக்ஸி மட்டும் அற்புதமாக வந்திருக்கிறது. முதல் முறையாக அதைத் தெளிவான திரையில் பார்த்தபோது, சின்னக் கோள்களைச் சுற்றி மாரியோ தலைகீழாக ஓடுவதை ஆடாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆனால் 2021 மார்ச் 31-க்குப் பிறகு அதை விற்பதையே நிறுத்திவிட்டார்கள். ஆறு மாதமும் சில நாட்களும்தான். நீலமுள் சொன்ன வருத்தம்தான் எனக்கும். தொகுப்பு என்பது பழையதை எல்லோரும் எடுக்கும்படி ஒரு அலமாரியில் வைப்பது. அலமாரிக்கே பூட்டுப் போட்டால் எப்படி?

விஷக்காளான்:

விற்பனை பற்றிப் பேசினால் 2010-ஐயும் சொல்ல வேண்டும். மாரியோவின் 25-ஆம் ஆண்டுக்கு ஆல்-ஸ்டார்ஸை வீ கன்சோலில் வட்டாக வெளியிட்டார்கள். உள்ளே இருந்தது 1993 கேமேதான், செங்கல் உள்பட எதுவும் மாறவில்லை. கூடவே ஒரு இசை வட்டும் ஒரு சின்னப் புத்தகமும் வந்தன. 4.7 ஜிபி பிடிக்கும் வட்டில் 2 மெகாபைட் கேம். பதினேழு வருடம் கழித்து வந்த அந்த வாய்ப்பில் செங்கலைச் சரிசெய்திருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. குறைந்தபட்சம் மூலங்கள் நான்கையும் பக்கத்தில் வைத்திருக்கலாம், இடத்துக்கா பஞ்சம்?

செங்கல்சுவர்:

பச்சைக்குழாய், உங்கள் இரண்டாவது கேள்விக்கு யாரும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். பாப்பாவுக்கு ஆல்-ஸ்டார்ஸையே தொடருங்கள். சேவ் இருக்கிறது, கோட்டையில் மணிச் சத்தம் இருக்கிறது, இரண்டாம் பாகத்தில் லைஃப் போனதும் வேறு ஆளைத் தேர்ந்தெடுக்கலாம். மூலத்தில் லெவல் தொடங்கும்போது எடுத்த ஆள்தான். இதெல்லாம் புதியவருக்குக் கதவைத் திறந்து வைப்பவை. முதல் கேமை மட்டும், அவள் எட்டாம் உலகத்தைப் பார்த்தபிறகு, ஒரு முறை மூலத்திலும் ஆடச் சொல்லுங்கள். எதையும் முன்னாலேயே சொல்லிவிடாதீர்கள்.

மூலத்தில் சேவ் இல்லையே என்று பயப்பட வேண்டாம். லைஃப் எல்லாம் போனதும் தலைப்புத் திரையில் ஏ பட்டனை அழுத்திக்கொண்டே ஸ்டார்ட்டைத் தட்டினால், விட்ட உலகத்தின் முதல் லெவலிலிருந்து தொடரலாம். இது தெரியாமலே பல வருடம் ஆடியவர்கள் உண்டு.

பச்சைக்குழாய்:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சுவர் சொன்னபடியே செய்தேன்.

தொகுப்பில் முதல் கேமை முடித்தாள். 8-4-இல் கடைசிக் குழாயைக் கண்டுபிடிக்க மூன்று மாலை ஆனது. லாஸ்ட் லெவல்ஸில் இப்போது 2-1-இல் இருக்கிறாள். முதல் விஷக்காளானை நேராகப் போய் எடுத்தாள். செத்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாளே, அந்த முகத்தை விஷக்காளான் நண்பர் பார்த்திருக்க வேண்டும்.

நேற்று மூலத்தைப் போட்டுக் கொடுத்தேன். எதுவும் சொல்லவில்லை. படம் பழசாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஆட ஆரம்பித்தாள். காளானை எடுத்து, முதல் செங்கலை உடைத்தாள், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது. மூன்றாவதை உடைத்ததும் கண்ட்ரோலரைக் கொஞ்சம் கீழே இறக்கி, "இதில் மாரியோ சீக்கிரம் விழுந்துவிடுகிறார்" என்றாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. பத்து வயது விரல், அதுவும் என்னைப்போலப் பல வருடம் ஆடியதில்லை, மூன்றே செங்கலில் கண்டுபிடித்துவிட்டது.

அப்புறம் இன்னொன்று சொன்னாள். கொஞ்ச தூரம் ஓடியவள் நின்று, திரைக்குப் பக்கத்தில் போய் விரலை வைத்தாள். மேலே ஒரு மேகம், கீழே ஒரு புதர். "இரண்டும் ஒரே படம். மேகத்துக்குப் பச்சை அடித்துக் கீழே வைத்திருக்கிறார்கள்." தொகுப்பில் இரண்டையும் வேறு வேறாக வரைந்துவிட்டதால் அவளுக்கு இது அதுவரை தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. 40 கிலோபைட்டில் இடம் போதாமல் அப்படிச் செய்தார்கள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு தாவுவதை விட்டுவிட்டு, வேறு எதை எதை இப்படி இரண்டு முறை பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டே 1-1 முழுக்க நடந்தாள். ஓடவே இல்லை. நேரம் முடிந்து செத்துப்போனாள், மறுபடி ஆரம்பித்தாள்.

நாளைக்கு 4-2. அங்கே பிடித்து ஏறிப்போகும் செடிக்கொடி எந்தச் செங்கலில் இருக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை.

குழாய்த்திரை:

சொல்லாதீர்கள். கண்டுபிடித்ததும் மட்டும் வந்து எழுதுங்கள்.